காது தைக்கப் போனோம்!

பிளாஸ்டிக் சர்ஜரி என்று சொன்னால் போதும், நம் வீடுகளில் உடனே இரண்டு பேச்சுக் கிளம்பும். ஒன்று, "அது சினிமாக்காரங்க சமாசாரம்!" மற்றொன்று, "உடம்புக்குள்ளே பிளாஸ்டிக்கை வெச்சுத் தெச்சுடுவாங்களாமே!" இரண்டுமே சரியல்ல. கிரேக்க மொழியில் 'பிளாஸ்டிகோஸ்' என்றால் உருவம் கொடுப்பது, வனைவது என்று அர்த்தமாம். குயவர் மண்ணைப் பிடித்து உருவாக்குகிற மாதிரி, தோலையும் சதையையும் நகர்த்தி, சேர்த்து, உரு அமைக்கிற வைத்தியம் அது. நாம் குடமும் வாளியுமாகப் புழங்குகிற பிளாஸ்டிக்குக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்!

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரிய வந்ததற்குக் காரணம், என் மாமியாரின் காது. அந்தக் காதை முன்னிட்டு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் அம்மாளிடம் மூன்று நான்கு முறை போய் வந்தேன். அவர் சொன்ன யோசனைகள் என்னோடு நின்றுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சுங்குவார்சத்திரம் பக்கம். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது கொல்லைப்புறம் முழுக்க வேர்க்கடலைக் காடு. அதற்குக் கொஞ்சம் முன்புதான், 1998-ல், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். 2006-ல் நோக்கியா வந்தது. 2014-ல் மூடிக்கொண்டு போயிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். இப்போது திரும்பிய பக்கமெல்லாம் செல்போன், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள். வேலை செய்வது பெரும்பாலும் சின்ன வயசுப் பெண்கள். 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற மாதிரி அவர்களுக்கென்று ஒரு விடுதியே திறந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! எங்கள் வீட்டு மாடியிலும் ஐந்து பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். தர்மபுரி, விழுப்புரம், அரியலூர் என்று ஆளுக்கு ஓர் ஊர்.

பெண்கள் வந்தால் பின்னாலேயே அழகு நிலையங்களும் வராதா? கடைத்தெருவில் போர்டுக்குப் பஞ்சமில்லை. 'மரு, மச்சம் வலியின்றி நீக்கப்படும்', 'ஏழே நாளில் சிவப்பழகு', 'அறுந்த காது தையல் இல்லாமல் ஒட்டப்படும்'!

மாமியாரின் ஆசை

என் மாமியாருக்கு வயது 67. ஏழு கல் தோடு, கனமான ஜிமிக்கி என்று போட்டு வளர்ந்த காது. வலது காதில் துளை நீண்டு தொங்கிக்கொண்டிருந்தது. இடது காது, என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஜிமிக்கியைப் பிடித்து இழுத்ததில், இரண்டாகவே பிளந்து போயிற்று. அன்றிலிருந்து அவர் தோடு போடுவதில்லை. கல்யாணம் காட்சி என்றால், "எனக்குத் தலைவலி, நீங்க போய்ட்டு வாங்க" என்று விடுவார். போனாலும் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார்.

தை மாதத்தில் என் மகளுக்குக் கல்யாணம் என்று நிச்சயமானதும், ஒருநாள் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, இந்தக் காதைத் தெச்சுக்க முடியுமா? உன் மாமனார் வாங்கிக் குடுத்த தோடு பெட்டிக்குள்ளேயே தூங்குது. பேத்தி கல்யாணத்துல ஒருநாளு போட்டுக்கணும்னு இருக்கு."

என் கணவர் சிரித்துவிட்டார். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

எனக்குச் சுருக்கென்றது. "போன வருஷம் உங்களுக்கு முன்பல்லு விழுந்ததே, எத்தனை நாள் பொறுத்தீங்க? நாலாம் நாளே கட்டிக்கிட்டு வரலையா?" என்றேன். அப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை.

அழகு நிலையத்தில் பத்து நிமிஷத்தில் மருந்து வைத்து ஒட்டிவிடலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாடிப் பெண் ஒருத்தி குறுக்கே புகுந்து, "வேணாம்க்கா! எங்க லைன்ல ஒரு பொண்ணு அப்படித்தான் பண்ணிக்கிட்டா. மருந்து கழுத்து வரைக்கும் வழிஞ்சு வெந்து போச்சு" என்றாள். பிறகுதான் தெரிந்தது, அந்த 'மருந்து' ஒருவகை ஆசிட். பழகிய தோல் டாக்டர் அளவறிந்து வைத்தால் ஒன்றுமில்லை; அளவு தெரியாதவர் கையில் அது நெருப்பு.

ஆகவே, சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கே போனோம். அந்த வரிசையில் உட்கார்ந்த அரை மணியில் எனக்கிருந்த சினிமா நினைப்பெல்லாம் பறந்து போயிற்று. அடுப்பில் வெந்த கழுத்தோடு ஒரு பெண், உதடு பிளந்து பிறந்த கைக்குழந்தை, கை முழுக்கக் கட்டோடு ஒரு கம்பெனிப் பையன்... நடிகை யாரும் இல்லை!

காதைக் காட்டினோம், மூக்கைப் பார்த்தார்

டாக்டர் அம்மாள் காதைத் தொட்டுப் பார்த்தார். "சின்ன வேலைதாம்மா, தெச்சுடலாம்" என்றவர், மாமியாரின் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

"மூக்கு ஓரத்துல அது என்னம்மா புண்ணு?"

"மூக்குத்திப் புண்ணுங்கம்மா. ஆறும், பொருக்குத் தட்டும், மறுபடி லேசா ரத்தம் வரும். ஒரு வருஷம் இருக்கும். மஞ்சள் வெச்சேன், சுண்ணாம்பு வெச்சேன்..."

டாக்டர் அம்மாளின் முகத்தில் சிரிப்புக் குறைந்தது. "காது எங்கேயும் ஓடிடாது. முதல்ல இதுல துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும்" என்றார்.

முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சே நின்று போயிற்று. கடைசியில் வந்தது, தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய். என் கணவர் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். 'இந்த வயசில் தேவையா' என்று கேட்டவர்தான்!

டாக்டர் அம்மாள் எங்களைத் தேற்றினார். "பயப்படாதீங்க. இது மெதுவா வளர்ற ஜாதி. வேற இடத்துக்குப் பரவறது ரொம்ப அபூர்வம். ஆனா விட்டு வெச்சா இருக்கிற இடத்தையே அரிச்சுத் தின்னுடும். மூக்கு, கண் ஓரம்னு போயிடும். இப்போ சின்னதா இருக்கு, முழுசா எடுத்துடலாம்" என்றார்.

அப்படியே, மரத்துப் போகிற ஊசி போட்டு, புண்ணைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தார். அந்தப் பள்ளத்தைப் பக்கத்துக் கன்னத்துத் தோலை நகர்த்தி மூடினார். எடுத்ததை மறுபடி பரிசோதித்ததில் ஓரங்களில் மிச்சம் எதுவும் இல்லை என்று வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும், வெயிலில் முகத்தை மூடிப் போக வேண்டும் என்று உத்தரவு.

இப்படித் தோலை நகர்த்துகிற வித்தை நம் நாட்டுச் சொத்து என்றும் சொன்னார். சுசுருதர் பெயரில் உள்ள பழைய நூலில் அறுந்த காதைச் சேர்க்கவே 15 வழிகள் சொல்லியிருக்கிறதாம்! திப்பு சுல்தானுடன் நடந்த சண்டையில் மூக்கறுபட்ட ஒரு மாட்டு வண்டிக்காரருக்கு, மராட்டிய வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி மூக்குச் செய்ததை, 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள். அதைப் படித்துப் பழகித்தான் 1814-ல் கார்ப்யூ என்ற லண்டன் டாக்டர் அதே வேலையைச் செய்தார்.

மூக்குப் புண் ஆறிய பிறகு காதுக்கு வந்தோம். இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிளந்த காதின் ஓரங்கள் ஏற்கெனவே தோல் மூடி ஆறிப்போயிருக்கும். அப்படியே வைத்துத் தைத்தால் ஒட்டாது. ஆகவே அந்தப் பழைய தோலை மெல்லச் சீவிவிட்டு, பிறகு முன்னும் பின்னும் தைத்தார். ஒரு வாரம் கழித்துத் தையல் பிரித்தார். மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி குத்தலாம், அதுவும் தைத்த கோட்டின் மேலே குத்தாமல் சற்றுத் தள்ளி என்று கண்டிப்பாகச் சொன்னார். "தோடு கல்யாணத்தன்னிக்கு மட்டும். ஜிமிக்கி வேண்டாம். தினசரிக்கு லேசா ஒரு கம்மல், ராத்திரி கழட்டிடணும்."

மாடிப் பெண்களின் சீட்டு

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது தெரிந்ததும் மாடிப் பெண்கள் ஒரு சீட்டில் கேள்விகளாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தையல் பிரிக்கிற அன்றைக்குத் தயங்கித் தயங்கி நீட்டினேன். டாக்டர் அம்மாள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்.

'பெண் பார்க்க வருகிறார்கள், கன்னத்து மச்சத்தை எடுத்துவிடலாமா?' என்பது முதல் கேள்வி. எடுக்கலாம், தப்பே இல்லை என்றார். ஆனால் மச்சம் போன இடத்தில் சின்னத் தழும்பாவது இருக்கும். அது மங்கவும் சில மாதங்கள் பிடிக்கும். பெண் பார்க்கிற தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ஓடி வருவதில் பிரயோஜனம் இல்லை. ஒரு மச்சம் திடீரென்று வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ஒரு பாதி ஒரு மாதிரியும் மறு பாதி வேறு மாதிரியுமாக இருந்தாலோ, ஓரம் கோணலாகப் பரவினாலோ, ஆறு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதானாலோ, ரத்தம் கசிந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். நம் நிறத்துக்காரர்களுக்கு மச்சத்தில் புற்றுநோய் அபூர்வம்தான். வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வருவது உண்டாம். அங்கே கறுப்பாக ஏதாவது புதிதாகத் தெரிந்தால் அலட்சியம் கூடாது.

அடுத்து அவர் சொன்னதை நான் சீட்டின் பின்புறமே குறித்துக்கொண்டேன். "சந்தேகமான மச்சத்தை யாராவது ஆசிட் வெச்சோ, லேசர்லயோ கருக்கிட்டா, அப்புறம் பரிசோதிக்க எங்களுக்கு ஒண்ணுமே மிஞ்சாது. உங்க மாமியார் புண்ணை எங்கேயாவது கருக்கியிருந்தா? மேலே ஆறின மாதிரி இருக்கும், அடியில ஓடிக்கிட்டே இருக்கும். தோல்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி படிச்ச கண்ணு ஒண்ணு பார்க்கணும்மா."

இரண்டாவது கேள்வி, கழுத்தில் முளைக்கும் பாலுண்ணிகள். எங்கள் பக்கத்தில் தலைமுடியால் இறுகக் கட்டுவார்கள். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பார்கள். வெந்து புண்ணாகி, பாலுண்ணியைவிடப் பெரிய தழும்பாக நிற்கும்! டாக்டரிடம் போனால் மரத்துப் போகச் செய்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார்கள். அதைவிட முக்கியமானது வேறு. பாலுண்ணி நிறைய இருந்து, கழுத்து மடிப்பும் வெல்வெட் துணி மாதிரித் தடித்துக் கறுத்திருந்தால், அது அழுக்கு அல்ல; பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தால் போகாது. உடம்பில் சர்க்கரை வியாதி எட்டிப் பார்க்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். முதலில் ரத்தத்தில் சர்க்கரை பார்த்து, எடையைக் குறைக்க வேண்டுமாம். தோல் நமக்குக் கடிதம் போடுகிறது; நாம் கடிதத்தைக் கிழித்துப் போடப் பார்க்கிறோம்!

மூன்றாவது, சிவப்பழகுக் கிரீம். இந்த இடத்தில் டாக்டர் அம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. மங்குக்கும் பருவுக்கும் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூசின வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரியும். சிவந்து போகும், பரு கிளம்பும், பெண்களுக்கு முகத்தில் ரோமம்கூட முளைக்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். அதனால்தான் 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுகள் கலந்த பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. நம் ஊர்க் கடைகளில் சீட்டு யார் கேட்கிறார்கள், சொல்லுங்கள்!

இன்னொரு ஜாதிக் கிரீம், பாதரசம் கலந்தது. விலாசமே இல்லாத டப்பாவில் கைமாறி வரும். பக்கத்துக் கேரளாவில், மலப்புரம் ஜில்லா கோட்டக்கல்லில், 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள்! முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றிருக்கிறது. இப்படிக் கிரீம் பூசுகிறவர்களுக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டு வந்து சொன்ன அன்றைக்கு ராத்திரியே, மாடியிலிருந்து ஒரு டப்பா என் வீட்டுக் குப்பைக் கூடைக்கு வந்து சேர்ந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை.

நான்காவது, தழும்பு. சிலருக்குக் காது குத்திய இடத்திலேயே உருண்டையாகச் சதை வளரும். கெலாய்டு என்கிறார்கள். காது, தோள், நெஞ்சு இந்த இடங்களில் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அதை வெறுமனே வெட்டினால் இன்னும் பெரிதாக வளரும். ஊசி மருந்து, அழுத்தக் கம்மல் என்று சேர்த்துத்தான் வைத்தியம்.

சீட்டில் இல்லாத ஒன்றையும், எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு அவராகவே சொன்னார். மிஷினில் விரல் துண்டாகிப் போனால், அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது; நேரே ஐஸிலும் போடக் கூடாது. சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து ஆளோடு சேர்த்து அனுப்ப வேண்டும். நேரம்தான் முக்கியம். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி. கம்பெனிக்குப் பிள்ளைகளை அனுப்புகிற ஒவ்வொரு தாயும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

யாரிடம் போவது?

2016-ல் சென்னையில் தலைமுடி நடுகிற சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் இரண்டு நாளில் இறந்தே போனார். டாக்டருக்குப் படித்த பிள்ளைக்கே அந்த கதி! 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், யூடியூப் பார்ப்பதும் பயிற்சி வகுப்பில் வேடிக்கை பார்ப்பதும் இந்த சிகிச்சைக்குத் தகுதி ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஆகவே பெயருக்குப் பின்னால் என்ன படிப்பு என்று கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் எம்.சிஎச். அல்லது அதற்குச் சமமான படிப்பு. தோல் டாக்டர் என்றால் எம்.டி. அல்லது டி.டி.வி.எல். மாதிரி தோலுக்கென்று படித்த படிப்பு.

சகோதரிகளே, டாக்டர் அம்மாள் சொன்னவற்றில் நான் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருப்பது இவ்வளவுதான்:

முகத்தில் எதை எடுப்பதானாலும், "இது என்ன?" என்று முதலில் கேளுங்கள். தெரியாததை எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். அனுப்பினால் முடிவைக் கையில் வாங்காமல் விடாதீர்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள்.

தழும்பே இருக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கத்தி பட்ட இடத்தில் கோடு இருக்கத்தான் செய்யும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண் எதுவானாலும் உடனே காட்டுங்கள்.

தை மாதம் முகூர்த்தத்தன்று என் மாமியார் முந்தானையைத் தோளிலேயே விட்டுவிட்டு, தோடு மின்ன முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூக்கோரத்தில் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அவருக்கு அந்த ஆசை வராமல் போயிருந்தால் நாங்கள் அந்த ஆஸ்பத்திரி வாசலையே மிதித்திருக்க மாட்டோம். ஆகையால் உங்கள் வீட்டில் வயதானவர் யாராவது காதைப் பற்றியோ, முகத்தைப் பற்றியோ மெதுவாக ஒரு வார்த்தை சொன்னால், சிரித்து ஒதுக்காதீர்கள். கூடத் துணைக்குப் போங்கள். போகும்போது மாடிப் பெண்களின் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்!